கால் தடம் இல்லாத பாத்தி

பிள்ளைகளே, இந்த வருஷம் நம்முடைய மேலண்டைப் பாத்தியில் மட்டும் உப்பு ஏன் சேறு கலந்து வந்தது என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். மழை என்று சொல்லி வைத்தேன். மழை எல்லாப் பாத்தியிலும்தானே பெய்தது, இதில் மட்டும் ஏன் என்று சின்னவன் திருப்பிக் கேட்டான். பெரியவள் என்னையே பார்த்தாள். அது எனக்குப் பழக்கமான பார்வை. இந்தத் தையிலும் மாசியிலும் நான் எல்லோரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றுபோனவன் எழுதுவது. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உப்பளத்துக்கு வருவதெல்லாம் கோடை லீவில், உப்பு வாரும் காலத்தில். பாத்தி மிதிக்கும் காலத்தில் உங்களுக்குப் பள்ளிக்கூடம். மழைக்காலம் முடிந்ததும் பாத்தித் தரை கொழகொழவென்று கிடக்கும். தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் தோளோடு தோள் நின்று குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதிக்க வேண்டும். மிதித்து, காயவிட்டு, மறுபடியும் மிதிக்க வேண்டும். தரை சிமென்ட் போட்ட மாதிரி இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். ஒரு இடம் இளகிக் கிடந்தாலும் பலகையால் வாரும்போது உப்போடு சேறும் வந்துவிடும். ஒருத்தனால் ஆகிற வேலை இல்லை இது. இன்றைக்கு உன் பாத்தி, நாளைக்கு என் பாத்தி என்று ஒருவருக்கொருவர் போய் மிதித்துக் கொடுப்பதுதான் நம் பக்கத்து வழக்கம்.

கடைசி மிதி முடிந்ததும், தரை காய்ந்து இறுகுவதற்கு முன்பே, எல்லோரும் வரப்பேறிவிடுவார்கள். ஒருவர் மட்டும் உள்ளே நிற்பார். அவர் வரப்புக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, பின்னாலேயே அடியடியாக வருவார். தூக்கிய காலின் பள்ளத்தை உள்ளங்கையால் இழுத்து மூடிக்கொண்டே வருவார். அவர் வரப்பில் ஏறும்போது அந்தப் பாத்தியில் மனிதன் இறங்கிய அடையாளமே இருக்காது. நம் வரிசையில் அந்தக் கடைசி ஆள் எப்போதும் மாமாதான். அவர் கைவாகு அப்படி.

நீங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர் நமக்குச் சொந்தம் இல்லை. பக்கத்துப் பாத்திக்காரர். நானும் அவரும் ஒரே வயது. ஒரே குத்தகைக்காரரிடம் கூலிக்கு மிதித்து, பிறகு ஆளுக்கொரு துண்டு குத்தகை எடுத்தவர்கள். எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவர் மைக் இல்லாமலே பேசுவார். அதனால்தான் கம்பெனி விஷயம் வந்தபோது உப்பளத்துக்காக அவர் பேசுவது என்று தானாகவே ஆகிப்போனது.

கம்பெனி என்றால், முதலில் வந்தவர்கள் நிலக்கரி இறக்கும் துறைமுகம் கட்டப் போகிறோம் என்றார்கள். கரி என்றதும் எல்லோருக்கும் கறுப்பு தெரிந்தது. வெள்ளை உப்பு விளைகிற இடத்தில் கரித்தூளா என்று ஊரே கத்தியது. போய்விட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து அதே வெள்ளைக் கார் வந்தது. இப்போது காஸ் என்றார்கள். கடலுக்குள்ளிருந்து குழாய் வருமாம், உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவே டேங்க் வருமாம், புகையே இருக்காதாம். பெயரை மாற்றிக்கொண்டு வந்தவர்களை எப்படி நம்புவது? எனக்குச் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

சந்தேகம் வந்தால் ஒரு ஆளோடு நிற்காது. பாண்டியிலிருந்து ஒரு பெண் வந்து கம்பெனி வேண்டாம் என்று எங்களோடு பேச ஆரம்பித்தது. ஏதோ கம்ப்யூட்டர் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதன் மேலும் எனக்குச் சந்தேகம்.

"உன்னை யாரும்மா அனுப்புறாங்க?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அனுப்புறவங்க இருந்தா இப்படி பஸ்ல நின்னுக்கினே வருவனாண்ணே? சீட்டாவது புடிச்சுக் குடுத்திருக்க மாட்டாங்க?" என்றது.

கடலை ஒட்டியிருந்த அதன் வீட்டுச் சுவரை அலை அரித்துவிட்டதாம். அதிலிருந்து இந்த வேலையில் இறங்கியதாம். அது சொன்னதை என் வார்த்தையில் எழுதினால் வறண்டுபோகும். அது சொன்னபடியே எழுதுகிறேன்: "கரியோ காஸோ, எரிச்சா சூடு மேல போய்ச் சேர்ந்துக்கினே இருக்குதுண்ணே. எரிக்கிறவன் எங்கயோ ஏசியில உக்காந்திருக்கான். அதனாலதான் காலம் தப்பி பங்குனியில மழை பேஞ்சு உப்பு அம்பாரம் கரையறது உங்களுக்கு. கடல் உள்ள வர்றது குப்பத்துக்கு. அவன் எரிச்சதுக்கு நீங்க ஏன் அழுவணும்? அதைத்தான் கேக்கச் சொல்றேன்."

போன வருஷம் பங்குனியில் நம் உப்புக் குவியல் கீற்று மூடியிருந்தும் கரைந்து ஓடியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அம்மா கூடையால் தடுத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணை நம்பாவிட்டாலும் அது சொன்ன கேள்வியை நான் நம்பினேன்.

உப்பளத்துக்காரர்கள், குப்பத்து மீன்காரர்கள், உள்ளூர்ப் பக்கம் நெல் போடுகிற சில பேர், எல்லோரும் உப்புக் கொட்டகையில் கூடிப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். குப்பத்துக்காகப் பேசியது ஒரு மீன்கார அக்கா. மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு அனுமந்தை வரைக்கும் போய் விற்கிறவர். அவர் வாய்க்கு நான் பயப்படுவேன். அரசாங்க அதிகாரி முன்னால் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் உப்பளத்துக்கு மாமா, குப்பத்துக்கு அக்கா என்று முடிவானது.

ஆனால் கொட்டகைக்கு ஆள் சேரவில்லை. தை பிறந்தால் எல்லோருக்கும் மிதி வேலை. "முள்ளுக்காட்டுக்குள்ள கம்பெனிக்காரங்க அளந்து கம்பி நட ஆரம்பிச்சுட்டாங்கப்பா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று மாமா ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சீமைக்கருவேல முள்ளுக்குள் யார் போவார்கள்? நானும் போகவில்லை. மிதி முடியட்டும் என்றேன்.

அந்த வாரத்தில்தான் கம்பெனி ஆள் டீக்கடைக்கு வந்தான். பளபளவென்று ஷூ, மெதுவான பேச்சு, வாய் நிறைய அண்ணே.

"அண்ணே, நீங்களும் டீசல் இன்ஜின் வெச்சுத்தானே உப்புத் தண்ணி இறைக்கிறீங்க? அந்தப் புகை மட்டும் வாசனையா இருக்குமாண்ணே?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. பக்கத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த அக்காதான் திரும்பினார்.

"எங்க இன்ஜின் புகை எங்க சோத்துக்கு. உன் டேங்கு எங்க சோத்தையே எடுத்துக்கினு போவுது. ரெண்டும் ஒண்ணாய்யா? ஷூவைக் கழட்டிட்டு வந்து ஒரு நாள் சேத்துல நில்லு, அப்புறம் பேசு."

அவன் சிரித்தான். போகும்போது என் பக்கம் குனிந்து, "பொண்ணு பத்தாவதாமே அண்ணே, கணக்குல நல்ல மார்க்காமே. நல்லாப் படிக்க வைங்க. உங்க உப்பளத்துலயே நமக்கு வேண்டியவங்க இருக்காங்க, எல்லாம் சொன்னாங்க" என்றான்.

பெரியவளே, உன் கணக்கு மார்க்கை அவனிடம் சொன்னது யார்? அன்று முழுக்க எனக்கு அதே நினைப்பு. நீ டியூஷன் போகும் வழியெல்லாம் அவன் கார் நிற்பது மாதிரி தோன்றியது. நான் ஏன் அந்த வாரம் முழுக்க உன்னைக் கூட்டிவர வந்தேன் என்று நீ கேட்டாய் அல்லவா, இதற்காகத்தான்.

இரண்டொரு நாள் கழித்து விடிந்ததும் உப்பளத்துக்குப் போனேன். முந்தின நாள் மாலைதான் மேலண்டைப் பாத்தியில் கடைசி மிதி முடித்திருந்தோம். பாத்தி நடுவில் ஒரு இரும்புக் கம்பி நின்றது. சிவப்புப் பெயின்ட், உச்சியில் சிவப்பு ரிப்பன். காற்றில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நம் பாத்திக்குள்ளேயே அளந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தரையைப் பார்த்தேன். கம்பியைச் சுற்றி, வரப்பு வரைக்கும், நாலு பக்கமும் ஒரு கால் தடம் இல்லை.

நான் போட்ட சத்தத்தில் உப்பளமே கூடிவிட்டது. கொட்டகைக்கு வராதவர்கள்கூட வந்தார்கள். குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வரப்பு கொள்ளவில்லை.

"மேலேருந்து போட்டிருப்பான்யா, ட்ரோன்ல," என்றார் ஒருத்தர்.

"ட்ரோன் சுத்தியல் வெச்சுக்கினு அடிக்குமாடா? எவ்வளவு ஆழம் எறங்கியிருக்குது பாரு."

"பறந்து வந்து நட்டிருப்பான்."

"உன் மச்சான்தான் பறப்பான், சனிக்கிழமை ஆனா."

சிரித்தார்கள். மீன்கார அக்கா சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளுங்க உங்க சேத்துல காலை வெச்சா முட்டி வரைக்கும் பள்ளம் வுழும். பேன்ட் போட்ட கம்பெனிக்காரன் வந்திருந்தா யானை எறங்குன மாதிரி இருக்கும். தடம் இல்லாம உள்ள போயி வெளிய வர யாருக்குத் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். விலை போனவன் உங்க வரப்புலதான் நிக்கிறான்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தரும் அடுத்தவர் காலைப் பார்த்தார்கள். எனக்குக் கம்பெனி ஆள் சொன்னது நினைவுக்கு வந்தது: உங்க உப்பளத்துலயே நமக்கு வேண்டியவங்க இருக்காங்க.

கம்பியைப் பிடுங்க வேண்டாம், கருத்துக் கேட்பில் காட்டுவோம் என்று விட்டுவிட்டோம். எல்லோரும் டீக்கடைக்குப் போனோம். மாமா கிளாஸை வாங்கினார். உள்ளங்கையில், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, சிவப்பாக ஒரு தீற்று. கம்பியின் பெயின்ட் நிறம். நான் பார்த்ததை அவர் பார்த்தார். கிளாஸைக் கை மாற்றிக்கொண்டார்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. தடம் அழிப்பதில் கை தேர்ந்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ரோட்டோரம் வெள்ளைக் காரை நிறுத்திக் கம்பெனி ஆள் மாமாவோடு பேசியதை ஒருத்தர் பார்த்திருந்தார். அது போதாதா? மாமா உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. அவர் வந்தால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பியது. பிறகு பெரிய தண்டனை வந்தது, யாரும் வாய் திறந்து அறிவிக்காமலே: அவர் பாத்தியை மிதிக்க ஆள் வரவில்லை. ஒருத்தருக்கு முதுகு வலி, ஒருத்தருக்குக் கல்யாணம். மிதிக்காவிட்டால் அவருக்கு இந்த வருஷம் உப்பு இல்லை. வீடு உட்கார்ந்துவிடும். அவர் விலை போனது உண்மையானால் நமக்குக் கருத்துக் கேட்பில் வாய் இல்லை. பொய்யானால், ஒரு மனுஷன் குடும்பத்தை நாமே கெடுத்தவர்களாகிறோம்.

அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னவங்கதானே ரெண்டு பேரும்? நேராப் போய்க் கேக்கறதுக்கு என்னங்க?"

"கேட்டு, பொய் சொன்னா?"

"அவரு பொய் சொன்னா உங்களுக்குத் தெரியாதாக்கும்."

"தெரிஞ்சுட்டா என்ன பண்றது? அதான் பயமா இருக்குது."

"அப்ப நீங்க அவரைச் சந்தேகப்படல. உங்களைத்தான் சந்தேகப்படுறீங்க," என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். உங்கள் அம்மா சில சமயம் இப்படித்தான் சோற்றில் கல் போட்டுவிட்டுப் போவாள்.

மறுநாள் போனேன். மாமா தன் பாத்தியில் தனியாக மிதித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் நிற்க வேண்டிய வரிசையில் ஒரே ஆள். ஒரு மூலை கூட முடியவில்லை. நான் வரப்பில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. களைத்துப்போய் வெளியே வரத் திரும்பினார். முதுகை வரப்புப் பக்கம் காட்டினார், குனிந்தார், பின்னாலேயே வந்தார், கை தானாகவே போய்ப் பள்ளத்தை மூடியது. அரைகுறையாகக் கிடக்கிற பாத்தி அது. நாளைக்கு மறுபடி அங்கேதான் இறங்கி மிதிக்கப் போகிறார். தடத்தை மூட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அந்தக் கை மூடிக்கொண்டே வந்தது.

"என் பாத்தியிலயும் இப்படித்தான் வந்தியா?" என்று கேட்டேன்.

அவர் கை அப்படியே சேற்றில் நின்றது. நிமிரவில்லை.

"ஆமாண்டா," என்றார்.

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் வந்து உட்கார்ந்தார், கொஞ்சம் தள்ளி.

"எவ்வளவு குடுத்தான்?"

"செருப்பால அடிப்பேன்."

"அப்ப ஏன் நட்ட?"

"முள்ளுக்காட்டுல நட்டிருக்கான், வந்து பாருங்கடான்னு எத்தனை பேருகிட்ட கெஞ்சினேன்? ஒருத்தன் வந்தானா? நீ வந்தியா? மிதி முடியட்டும், மிதி முடியட்டும். அவன் டேங்கு கட்டி முடிச்சிருப்பான், நீங்க மிதிச்சுக்கினே இருந்திருப்பீங்க. அதான் அவன் நட்டதுல ஒண்ணைப் புடுங்கிக்கினு வந்து உங்க கண்ணு முன்னால நட்டேன். பெயின்ட்டு கூடக் காயல."

"ஏண்டா, அதுக்கு என் பாத்திதான் கெடைச்சுதா?"

"வேற எவன் பாத்தியில நட்டாலும் அமுக்கமாப் புடுங்கி முள்ளுல போட்டுட்டு வாயை மூடிக்குவான். நீதான் ஊரைக் கூட்டுவ. கூட்டினியே."

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதன் நடுவே சிரிப்பும் வந்தது. "டேய், கம்பெனிக்காரன் நட்ட மாதிரி இருக்கணும்னா திம்முதிம்முன்னு நடந்து வந்திருக்கணும். யாராவது தடத்தை அழிப்பானா?"

"அதாண்டா எனக்கே தெரியல," என்றார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நட்டேன். திரும்பினேன். வரப்புல ஏறினப்புறம் பார்க்கிறேன், ஒரு தடம் இல்ல. என் கை எப்பப் போச்சுன்னே எனக்குத் தெரியல. மறுபடியும் எறங்கி மிதிச்சுட்டு வரலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள விடிஞ்சுடுச்சு, உன் தலை தெரிஞ்சுது."

ஊரை எழுப்பப் போனவர், தன் கைப் பழக்கத்தால் ஊரையே தன் மேல் திருப்பிக்கொண்டார்.

"வெள்ளைக் கார்க்காரன் உன்கிட்ட என்ன பேசினான்?"

"உப்பளத்துப் பசங்க எல்லாம் படிக்குதான்னு கேட்டான். உன் பொண்ணு கணக்குல நூத்துக்குப் பக்கத்துல வாங்குதுன்னு சொன்னேன். பெருமைக்குச் சொன்னேண்டா."

பெரியவளே, உன் மார்க் போன வழி அதுதான். மாமாவைக் கோபித்துக்கொள்ளாதே. அவன் கேட்டது எதற்கு என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கு எல்லாமே தோன்றும், அதனால் நான் ஒன்றும் உத்தமன் ஆகிவிடவில்லை.

கொட்டகையில் சொல்லிவிடு என்றேன். சொன்னால் நம்மைப் பொய்யர்கள் என்று கம்பெனி பிடித்துக்கொள்ளும் என்றார். சொல்லாவிட்டால் உன் பாத்தி இப்படியே கிடக்கும், நம் ஆட்கள் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்துக்கொண்டே கருத்துக் கேட்புக்குப் போவார்கள் என்றேன். அவர் காலில் காய்ந்து வெடித்த சேற்றை உரித்துப் போட்டார். "நீ பக்கத்துல நில்லு," என்றார்.

நின்றேன். அவர் கொட்டகையில் சொல்லி முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இதுவும் கம்பெனி சொல்லிக் கொடுத்த கதைதான் என்றார் ஒருத்தர். அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முந்தின வாரமாக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பாண்டிப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டது. "அண்ணே, நம்ம கையில இருக்கிறது உண்மை ஒண்ணுதான். அதுல போய்ச் சேத்தைக் கலந்துட்டீங்களே," என்றது. அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டுத்தான் அதன் மேல் எனக்கிருந்த சந்தேகம் விட்டது.

மீன்கார அக்கா எழுந்து மாமாவுக்கு எதிரே வந்து நின்றார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"யோவ், பொய் சொல்லப் போறவன் பூட்ஸையாவது போட்டுக்கினு போவ மாட்டான்? இந்த மூஞ்சியைப் போய் காசு குடுத்து வாங்கினான்னு நெனைச்சேனே, கம்பெனிக்காரன் அவ்வளவு முட்டாளா?"

சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. கருத்துக் கேட்பில் மாமா பேசக் கூடாது என்று அக்காவே சொன்னார். உப்பளத்துக்கு யார் என்ற பேச்சு வந்தபோது மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தப்பிக்க முடியவில்லை.

"அந்தக் கம்பியை நானே எடுத்துடறேன். தடம் தெரியாம எடுத்துடறேன்," என்றார் மாமா.

"நீ ஒரு மயிரையும் எடுக்க வேணாம்," என்றார் அக்கா. "தடம் தெரியாம பண்ணதெல்லாம் போதும்."

கருத்துக் கேட்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாங்கள் போவதற்கு முன்பே முன் வரிசை நாற்காலிகளில் தெரியாத ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் சட்டையும் புதுசு. எந்த ஊர் என்று ஒருவரைக் கேட்டேன். "பக்கத்துலதான்," என்றார். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

என் முறை வந்தது. பாண்டிப் பெண் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்துபோனது. பங்குனி மழையில் உப்பு கரைந்ததைச் சொன்னேன். அம்மா கூடையால் தடுத்ததைச் சொன்னேன். எங்கேயோ எரிகிறதற்கு இங்கே நாங்கள் ஏன் கரைய வேண்டும், கரியாக இருந்தாலும் காஸாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம் என்றேன். நாங்களும் டீசல்தான் ஊற்றுகிறோம், மாற்று வழி கொடுத்தால் மாறிக்கொள்கிறோம், அதைக் காட்டி எங்களையே எடுத்துவிடாதீர்கள் என்றேன்.

அப்போதுதான் கம்பெனி ஆள் எழுந்தான். கையில் போன். "இவங்க பாத்தியில நாங்க கம்பி நட்டதா ஊர் பூரா பேசினாங்க. உண்மையில நட்டது யாருன்னு இவரையே கேளுங்க சார்," என்றான். போனில் நம் மேலண்டைப் பாத்தி, நடுவில் சிவப்புக் கம்பி. படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று புரிந்தது. அது வரப்பில் நின்று எடுத்த படம். எங்களில் யாரோ எடுத்தது. கொட்டகையில் நாங்கள் பேசியதையும் யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போன படம்தான் என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியாது.

"எங்க ஆளுதான் சார் நட்டாரு," என்றேன். "முள்ளுக்காட்டுல இவங்க நட்டு வெச்சிருந்ததைப் புடுங்கிக்கினு வந்து நட்டாரு. பண்ணது தப்பு. ஆனா அந்தக் கம்பி எங்க வூட்டுக் கம்பி இல்ல. முள்ளுக்காட்டுல மீதிக் கம்பி நிக்குது, இப்பவே கூட வாங்க சார், காட்டறேன்."

மண்டபத்தில் சிரிப்பும் சத்தமும் எழுந்தன. அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு கம்பெனி ஆளிடம் ஏதோ கேட்டார். அனுமதி வருவதற்கு முன்பே நட்டீர்களா என்று கேட்டதாக முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். கம்பெனி ஆள் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள். ஜெயித்தோம் என்று பையன்கள் கத்தினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு ஒரு தடவை வந்தவர்கள் இன்னொரு பெயரோடு வர எவ்வளவு நாள் ஆகும்?

மாமா மண்டபத்துக்கு வெளியே, மீன்கார அக்காவின் மொபெட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. பிறகு அவர் பாத்தியை மிதிக்க உப்பளத்திலிருந்து நானும் அம்மாவும் மட்டும்தான் போனோம். அக்கா குப்பத்திலிருந்து சில பேரை அனுப்பினார். அவர்கள் மிதித்த இடமெல்லாம் கடல் மாதிரி அலை அலையாகக் கிடந்தது. "இதுல உப்பு வெளையாது, மீன்தான் வெளையும்," என்றார் மாமா. வெகு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மற்றவர்கள் இன்னும் அவரோடு முழுசாகப் பேசுவதில்லை. அவர் டீக்கடைக்குப் போனால் பேச்சு இப்போதும் மழைக்குத் திரும்புகிறது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

கூட்டம் முடிந்த அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நான் தனியாக உப்பளத்துக்குப் போனேன். யாரும் இல்லை. கம்பி அப்படியே நின்றது. ரிப்பன் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. தரை மேலாக இறுகியிருந்தாலும் அடியில் இன்னும் ஈரம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு அடியும் புதைந்தது. ஆட்டி ஆட்டிக் கம்பியைப் பிடுங்கினேன். பிறகு வந்த வழிக்குத் திரும்பி, முகத்தை வரப்புப் பக்கம் வைத்து, ரோட்டில் நடப்பது மாதிரி நடந்து வந்தேன். மறுநாள் விடிந்ததும் வருகிறவர்கள் பார்ப்பார்கள். என் இடது கால் கொஞ்சம் வெளிப்பக்கம் சாயும், யார் தடம் என்று உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும். தடம் அப்படியே கிடக்கட்டும், மறுபடி மிதிக்க வேண்டாம் என்றும் முடிவு செய்துகொண்டேன். அப்படியேதான் அதில் உப்புத் தண்ணீரைக் கட்டினேன், அந்தப் பள்ளங்களிலிருந்துதான் உப்போடு சேறு வந்தது.

வரப்பில் ஒரு காலை வைத்தபோது உடம்பு தானாகக் குனிந்தது. கை பின்னால் இருந்த கடைசிப் பள்ளத்தின் மேல் போய்விட்டது. விரலில் சேறு பட்ட பிறகுதான் தெரிந்தது. கையை எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டு ஏறி வந்தேன்.